காணொலியா, நேரடிச் சந்திப்பா, கலப்பு முறையா, ஒத்திவைப்பா? பெருந்தொற்றுக் காலத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகம் கையாண்ட வழிகள்: ஓர் ஒப்பீடு

2020 மார்ச் 13 அன்று பிரதமர் மோடி முன்வைத்த யோசனை இரண்டே நாளில் செயலுக்கு வந்து, மார்ச் 15 அன்று தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உறுப்பு நாடுகள் காணொலி வழியாகக் கூடின. 2014இல் காத்மாண்டுவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அந்த அமைப்பின் உச்சி மாநாடு கூடியிருக்கவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது கைவிடப்பட்டது. பாகிஸ்தான் மட்டும் பிரதமருக்குப் பதிலாகச் சுகாதாரத் துறைப் பொறுப்பாளரைப் பங்கேற்க வைத்தது என்றாலும், ஐந்தாண்டுகளுக்கு மேலாக ஓரிடத்தில் அமர முடியாதிருந்த எட்டு நாடுகளும் அன்று ஒரே உரையாடலில் இருந்தன. அவசரகால நிதிக்கு இந்தியா ஒரு கோடி டாலர் அறிவித்ததும் அந்தக் கூட்டத்தில்தான். அதே ஆண்டு செப்டம்பரில், லடாக் எல்லையில் உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்ட பிறகு, சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயுடன் பேச வேண்டி வந்தபோது இந்தியா திரையை நம்பவில்லை; அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் மாஸ்கோவில் அவரை நேரில் சந்தித்தார்.

இவ்விரு முடிவுகளும் சரியானவைதாமா, சரியென்றால் எந்த அளவுகோலால் என்பது பன்னாட்டு உறவுகள் பயில்வோரும் குடிமைப்பணித் தேர்வுக்கு ஆயத்தமாவோரும், நாடுகளுக்கிடையிலான கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் உள்ளவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வியாகும். 'காணொலி மலிவானது, நேரடிச் சந்திப்பு உயர்ந்தது' என்ற பொதுவான விடை இங்கே போதாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் இந்திய வெளியுறவு அமைச்சகம் நான்கு வழிகளையும் கையாண்டிருப்பதால், அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கப் போதுமான சான்றுகள் இருக்கின்றன.

## எவற்றைக் கொண்டு அளப்பது

அளவுகோல்களில் முதன்மையானது, கூட்டம் தொடங்கும் நேரத்தில் இன்னும் தீராமல் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்பதே. தலைவர்கள் பேசும் முன்பே அதிகாரிகள் வாசகம் வாசகமாக ஒத்துக்கொண்டுவிட்ட விஷயம் ஒன்று. தலைவர்களே விட்டுக்கொடுத்தால்தான் நகரும் விஷயம் மற்றொன்று. மற்ற அளவுகோல்கள் எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக எடை தருகிறேன்.

இரண்டாவது இரகசியம்: சொல்லப்படுவது அறைக்குள்ளேயே நிற்குமா என்பது மட்டுமல்ல, நிற்கும் என்று பேசுகிறவர் நம்புகிறாரா என்பதும் இதில் அடங்கும். மூன்றாவது சட்ட ஏற்பு. சில முடிவுகள் குறிப்பிட்ட வடிவில் எடுக்கப்பட்டால்தான் செல்லும். நான்காவது, வேகமும் உடல்நலமும் சார்ந்த செலவு. ஐந்தாவதாக, பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களைத் தவிர வேறு யாரைச் சந்திக்க அந்த வழி இடம் தருகிறது என்பதே அது.

## வழி 1: காணொலி

2020 ஜூன் 4 அன்று பிரதமர் மோடியும் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசனும் நடத்திய உச்சி மாநாடு, இந்தியா இரு நாடுகளுக்கிடையே காணொலி வழியாக நடத்திய முதல் உச்சி மாநாடாகும். அவ்வாண்டு ஜனவரியிலேயே மாரிசன் இந்தியா வரவேண்டியிருந்தது. ஆஸ்திரேலியக் காட்டுத்தீயால் அந்தப் பயணம் தள்ளிப்போனது, பிறகு பெருந்தொற்று குறுக்கிட்டது. திரை வழியாகவே நடந்தபோதும், இரு நாட்டு உறவு 'விரிவான மூலோபாயக் கூட்டாண்மை' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. இரு படைகளும் ஒன்றன் தளங்களை மற்றொன்று எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் பயன்படுத்த வழிசெய்யும் தளவாட ஆதரவு ஒப்பந்தமும் நிறைவேறியது. இவ்வளவு பெரிய முடிவு திரை வழியே சாத்தியமானதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சு பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே நடந்து வந்தது. ஜூன் மாதத்தில் மிஞ்சியிருந்தது தலைவர்களின் ஒப்புதல் மட்டுமே.

இதே நிலையைப் பெரிய அளவில் காட்டுவது 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்தான, ஆசிய-பசிபிக் நாடுகளுக்கிடையிலான ஆர்செப் வர்த்தக ஒப்பந்தம். பதினைந்து நாடுகளின் அமைச்சர்கள் அவரவர் தலைநகரில் கையெழுத்திட, அது திரையில் மற்றவர்களுக்குக் காட்டப்பட்டது. முந்தைய ஆண்டே விலகிவிட்ட இந்தியா அதில் இல்லை. எனினும் பல ஆண்டுப் பேரம் முடிந்துவிட்ட பிறகு கையெழுத்துக்கு விமானம் தேவையில்லை என்பதை அந்த நிகழ்ச்சி தெளிவாக்கியது.

சடங்குகளுக்கும் காணொலி தாராளமாகப் போதும். 2020 மே 21 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஏழு நாடுகளின் தூதர்களிடமிருந்து நியமனப் பத்திரங்களைக் காணொலி வழியாக ஏற்றார். குடியரசுத் தலைவர் மாளிகையின் வரலாற்றில் அதுவே முதல் முறை. குதிரைப்படை அணிவகுப்பு இல்லாத குறை இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தூதர்கள் தங்கள் பணியைச் சட்டப்படி தொடங்க முடிந்ததே முக்கியம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பாதுகாப்பு முதலில் வருகிறது. 2020 ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம் ஜூம் செயலி பாதுகாப்பானதல்ல என்றும், அரசு அதிகாரிகள் அலுவல் பணிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. அது தேவையற்ற அச்சம் அல்ல என்பது அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பாவில் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்களின் காணொலிக் கூட்டத்தைப் பற்றி நெதர்லாந்து அமைச்சர் வெளியிட்ட ஒரு படத்தில் உள்நுழைவு விவரங்களின் ஒரு பகுதி தெரிந்துவிட, அதைப் பயன்படுத்தி ஒரு செய்தியாளர் கூட்டத்துக்குள்ளேயே தோன்றிவிட்டார். அவர் கையசைத்து விடைபெற்றதால் அது நகைச்சுவையாக முடிந்தது. அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் நுழைந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த ஐயம் மனத்தில் இருக்கும்வரை எந்த அமைச்சரும் எழுதிவைத்த வாசகத்தைத் தாண்டிப் பேசத் துணியமாட்டார்.

இரண்டாவது செலவு சட்டம் சார்ந்தது. ஐ.நா. பாதுகாப்பு சபை 2020 மார்ச்சில் காணொலிக்கு மாறியபோது, அவ்வாறு நடந்தவை சபையின் முறையான கூட்டங்களாகக் கருதப்படவில்லை. ஆகவே தீர்மானங்களுக்கு வாக்களிக்கத் தனியாக எழுத்துவழி நடைமுறை ஒன்று வகுக்கப்பட்டு, உறுப்பு நாடுகள் 24 மணி நேரத்துக்குள் கடிதம் மூலம் வாக்கைத் தெரிவித்தன. இரகசிய வாக்கெடுப்புக்கு அதுகூட உதவாது. இந்தியா பாதுகாப்பு சபையின் தற்காலிக உறுப்பினராக 184 வாக்குகளுடன் தேர்வான 2020 ஜூன் 17 அன்று, நாடுகளின் பிரதிநிதிகள் தமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் நியூயார்க் அரங்குக்குச் சென்று வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட வேண்டியிருந்தது.

மூன்றாவது செலவை அளப்பது கடினம். காணொலி உச்சி மாநாடு நன்றாக நடந்தது என்றால், எதிர்த்தரப்பு நாட்டில் வசிக்கும் நம் தூதரும் அவரது அலுவலர்களும் வாரக்கணக்கில் அலைந்து வாசகங்களை ஒத்திசைத்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் பெருந்தொற்றுக்கு முன் சேர்த்துவைத்த அறிமுகங்களும் நம்பிக்கையுமே அப்போது செலவாகின்றன. திரை அந்த இருப்பைக் கரைக்கிறது. புதிதாகச் சேர்ப்பது மிகக் குறைவு.

ஆகவே, பேசித் தீர்க்க வேண்டியது பெரும்பாலும் தீர்ந்திருந்தால், அல்லது நேரில் சந்திப்பதே அரசியல் ரீதியாக இயலாததாக இருந்தால், காணொலியைத் தேர்ந்தெடுக்கலாம். சார்க் கூட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது: யார் மண்ணில் யார் கால் வைப்பது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தால் சார்க் மீண்டும் உயிர்பெற்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## வழி 2: பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் நேரடிச் சந்திப்பு

வெளியுறவுச் செயலர் ஹர்ஷ் வர்தன் ஷ்ரிங்லா பெருந்தொற்று தொடங்கிய பின் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணம் 2020 ஆகஸ்டில் டாக்காவுக்கு. அங்கே முன்னர் இந்தியத் தூதராக இருந்தவர் என்பதால் தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடிய நண்பர்கள் அவருக்கு ஏராளம். அப்படியிருந்தும் நேரில் சென்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். தடுப்பூசி ஒத்துழைப்பு உள்ளிட்டவற்றைப் பிரதமர் ஷேக் ஹசீனாவிடம் நேரடியாகப் பேச வேண்டியிருந்தது.

மாஸ்கோ சந்திப்பு இன்னும் கடினமான சோதனை. லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகளுக்கிடையே மோதல் நடந்த இரண்டாம் நாள், 2020 ஜூன் 17 அன்று, ஜெய்சங்கரும் வாங் யீயும் தொலைபேசியில் பேசினார்கள். அதன் பின் இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டை விளக்கித் தனித்தனி அறிக்கைகள் வெளியிட்டன. செப்டம்பர் 10 அன்று, இரு நாடுகளும் உறுப்பினர்களாக உள்ள ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் கூட்டத்தையொட்டி மாஸ்கோவில் நேரில் பேசியபோது ஐந்து அம்சங்கள் கொண்ட கூட்டறிக்கை வெளிவந்தது. இரு வடிவங்களின் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இடைப்பட்ட மூன்று மாதங்களில் களநிலையும் மாறியிருந்தது. லடாக் எல்லையிலுள்ள பாங்கோங் ஏரியின் இரு கரைகளிலிருந்தும் படைகள் விலகத் தொடங்கியது 2021 பிப்ரவரியில்தான், அதுவும் படைத் தளபதிகளின் பல சுற்றுப் பேச்சுகளுக்குப் பிறகு. ஆயினும் அந்தப் பேச்சுகளுக்கு ஓர் அரசியல் சட்டகம் மாஸ்கோவில்தான் கிடைத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவம் இதைவிடத் துல்லியமானது, ஏனெனில் அங்கே தலைவர்களும் பொருளும் மாறவில்லை, வழி மட்டுமே மாறியது. பெருந்தொற்றிலிருந்து மீள்வதற்கான நிதியைப் பற்றி 2020 ஜூன் 19 அன்று தலைவர்கள் காணொலியில் பேசி முடிவெதுவும் எடுக்காமல் கலைந்தார்கள். ஜூலை 17 முதல் 21 வரை பிரஸ்ஸல்ஸில் நேரில் அமர்ந்து, இரவு பகலாகச் சண்டையிட்டு, 75,000 கோடி யூரோ நிதிக்கு ஒப்புக்கொண்டார்கள். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற பேரத்தில் முழுக் கூட்டத்தைவிட இருவராக, மூவராகப் பக்கத்து அறைகளில் நடந்த பேச்சுகளே கணக்கை நகர்த்தின.

ஐந்தாவது அளவுகோலுக்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பர் 26 அன்று மோடிக்கும் பிரதமர் மகிந்த ராஜபக்சவுக்கும் இடையே நடந்த காணொலி மாநாட்டில் பௌத்த உறவுகளுக்கென 1.5 கோடி டாலர் மானியம் அறிவிக்கப்பட்டது. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும், இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை நடைமுறைப்படுத்துவது பற்றியும் இந்தியா பேசியது. ஆனால் அந்தத் திரையில் எதிரே இருந்தது இலங்கை அரசு மட்டுமே. 2021 ஜனவரியில் ஜெய்சங்கர் கொழும்புக்குச் சென்றபோது அரசுத் தலைவர்களோடு தமிழ்க் கட்சிகளின் தலைவர்களையும் சந்தித்தார். தமிழ் மக்களின் எதிர்பார்ப்புகளை நிறைவேற்றுவது இலங்கையின் சொந்த நலனுக்கே உகந்தது என்று அந்த மண்ணிலேயே நின்று சொன்னார். ஓர் அரசுடன் திட்டமிட்ட காணொலி மாநாட்டின் நடுவே அதன் எதிர்த்தரப்பை அழைத்துப் பேச எந்த நெறிமுறையும் இடம் தராது. பயணத்தில் அது இயல்பாகவே நடக்கிறது. இருப்பினும் பயணம் எல்லாவற்றையும் சாதித்துவிடுவதில்லை: சில வாரங்களிலேயே கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத்துக்காக இந்தியாவோடும் ஜப்பானோடும் செய்திருந்த முத்தரப்பு ஏற்பாட்டிலிருந்து இலங்கை அரசு பின்வாங்கியது.

நேரடிச் சந்திப்பின் செலவு பயணச்சீட்டோடு முடிவதில்லை. 2021 மே மாதத் தொடக்கத்தில் ஜி7 வெளியுறவு அமைச்சர்களின் கூட்டத்துக்காக ஜெய்சங்கர் லண்டன் சென்றிருந்தபோது இந்தியக் குழுவில் இருவருக்குத் தொற்று உறுதியானது. அதன் பிறகு அவர் அதே நகரில் இருந்துகொண்டே காணொலி வழியாகக் கூட்டத்தில் பங்கேற்க நேர்ந்தது. பயணத்தின் ஆபத்து முழுவதையும் ஏற்ற பின்னும் கிடைத்தது டெல்லியிலிருந்தே கிடைத்திருக்கக்கூடிய திரைதான். உள்நாட்டில் மக்கள் ஆக்சிஜனுக்கு அலையும்போது தலைவர்கள் வெளிநாடு செல்வது எப்படிப் பார்க்கப்படும் என்ற கணக்கும் அப்போது இருந்தது. பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனின் 2021 ஏப்ரல் இந்தியப் பயணமும், மோடியின் போர்ச்சுகல் பயணமும் கைவிடப்பட்டது அந்தச் சூழலில்தான்.

பேரம் இன்னும் சூடாக இருக்கும்போதும், எதிர்த்தரப்பின் மீது ஐயம் இருக்கும்போதும், அரசுக்கு வெளியேயும் ஆட்களைப் பார்க்க வேண்டியிருக்கும்போதும் நேரடிச் சந்திப்பே சிறந்தது. அதே சமயம் இது ஒரு மாறாவிதி அல்ல. 2020 அக்டோபர் 6 அன்று டோக்கியோவில் குவாட் அமைப்பின் நான்கு நாடுகளான இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வெளியுறவு அமைச்சர்கள் நேரில் கூடியும் கூட்டறிக்கை வரவில்லை. 2021 மார்ச் 12 அன்று அந்நாடுகளின் தலைவர்கள் காணொலியில் கூடியபோது கூட்டறிக்கையும், 2022 முடிவுக்குள் 100 கோடி தடுப்பூசிகள் என்ற இலக்கும் வந்தன. முன்னது இல்லாமல் பின்னது நிகழ்ந்திருக்குமா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

## வழி 3: கலப்பு முறை

சிலர் அறையில், சிலர் திரையில் என்னும் இந்த ஏற்பாடு சமரசம்போலத் தோன்றினாலும், நால்வகையில் மிக எளிதாகத் தவறிப்போகக்கூடியது இதுவே. இரு மடங்கு ஏற்பாடு தேவைப்படுகிறது என்பது சிறிய சிக்கல். பெரிய சிக்கல், பங்கேற்பாளர்கள் இரு வகுப்பினராகப் பிரிந்துவிடுவது. அறையில் இருப்பவர்கள் இடைவேளையில் பேசி முடித்துவிட்டதைத் திரையில் இருப்பவர் அடுத்த அமர்வில் செய்தியாக அறிகிறார்.

இதைச் சரியாகக் கையாண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2021 செப்டம்பரில் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் நடந்த ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மாநாடு. ஆப்கானிஸ்தான் தாலிபான் வசமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பிரதமர் காணொலி வழியாக உரையாற்றினார். வெளியுறவு அமைச்சர் நேரில் சென்று, மாநாட்டையொட்டி வாங் யீ உள்ளிட்டோரைச் சந்தித்தார். உரையைத் திரைக்கும் உரையாடலை மண்டபத்துக்கும் பிரித்துக் கொடுத்த இந்த ஏற்பாட்டில் இழப்பு குறைவு. 2021 மே 8 அன்று நடந்த இந்திய-ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் கூட்டம் வேறு வகை: ஐரோப்பியத் தலைவர்கள் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் கூடியிருக்க, மோடி மட்டும் டெல்லியிலிருந்து பேசினார். வர்த்தகப் பேச்சுவார்த்தையை மீண்டும் தொடங்கும் முடிவு அன்று எட்டப்பட்டது; ஆனால் அது பேச்சைத் தொடங்கும் முடிவுதானே தவிர, பேச்சின் முடிவு அல்ல.

நம் தரப்பில் ஒருவராவது அறையில் இருக்கிறார், அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கிறது என்றால் மட்டுமே கலப்பு முறை தகும்.

## வழி 4: ஒத்திவைப்பு

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. கிளாஸ்கோ காலநிலை மாநாடு ஓராண்டும், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு 2022 ஆகஸ்ட் வரையும் தள்ளிப்போயின. ஏறக்குறைய எல்லா நாடுகளும் சொல்லுக்குச் சொல் ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் காத்திருப்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

இரு நாடுகளுக்கிடையே அது அவ்வளவு எளிதல்ல. இந்தியாவும் ரஷ்யாவும் ஆண்டுதோறும் நடத்திவந்த உச்சி மாநாடு 2020இல் நடக்கவில்லை. பெருந்தொற்றே காரணம் என்று இரு அரசுகளும் சொல்லின. ஆனால் அதே ஆண்டில் இந்தியா ஆஸ்திரேலியா, டென்மார்க், இத்தாலி, உஸ்பெகிஸ்தான், வங்கதேசம், வியட்நாம் ஆகிய நாடுகளுடன் காணொலி மாநாடு நடத்தியிருந்ததால், ரஷ்யாவுடன் மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. உறவில் விரிசல் என்ற ஊகத்தை அமைச்சகம் மறுக்க வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்குத் திரை திறந்திருக்கும்போது ஒருவருக்கு மட்டும் ஒத்திவைப்பது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு செய்தியாகவே வாசிக்கப்படும். 2021 டிசம்பர் 6 அன்று புதின் நேரில் டெல்லி வந்ததும், அதே நாளில் இரு நாடுகளின் வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்களின் முதல் '2+2' கூட்டம் நடந்ததும் அந்தக் காத்திருப்புக்கு ஓரளவு ஈடு செய்தன.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| | காணொலி | நேரடிச் சந்திப்பு | கலப்பு முறை | ஒத்திவைப்பு |
|---|---|---|---|---|
| தீராத பேரம் மிகுதியாக இருந்தால் | பயன் குறைவு | மிகவும் ஏற்றது | அறையில் அதிகாரமுள்ளவர் இருந்தால் ஏற்கலாம் | சிக்கல் முற்றும் ஆபத்து |
| இரகசியம் | நம்பிக்கை குறைவு | அதிகம் | திரை இருக்கும் நேரம் முழுதும் குறைவு | கேள்வி எழவில்லை |
| சட்ட ஏற்பு | விதிகளைப் பொறுத்தது | முழுமை | விதிகளைப் பொறுத்தது | காலக்கெடு உள்ளவற்றில் சிக்கல் |
| வேகம் | ஓரிரு நாள் போதும் | மெதுவானது | மெதுவானது | இல்லை |
| அரசுக்கு வெளியே தொடர்பு | ஏறக்குறைய இல்லை | உண்டு | சென்றவருக்கு மட்டும் | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | பழைய நம்பிக்கை கரைதல் | தொற்று, உள்நாட்டு விமர்சனம் | இரு வகுப்புப் பங்கேற்பாளர்கள் | தவறான சமிக்ஞை |

## எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரு நாட்டுக்கு ஒரு வழி என்று ஒதுக்குவதைவிட, ஒரே விவகாரத்தின் வெவ்வேறு கட்டங்களுக்கு வெவ்வேறு வழிகளைப் பயன்படுத்துவதே பொருத்தமாகத் தெரிகிறது. வங்கதேசத்துடனான வரிசையை எடுத்துக்கொள்ளலாம். 2020 ஆகஸ்டில் வெளியுறவுச் செயலர் சிறு குழுவோடு நேரில் சென்று பேசினார். டிசம்பர் 17 அன்று இரு பிரதமர்களும் காணொலியில் கூடி, 1965 முதல் மூடியிருந்த ஹல்திபாரி-சிலாஹாட்டி ரயில் தடத்தைத் திறந்துவைத்தார்கள். 2021 மார்ச் 26 அன்று, வங்கதேச விடுதலையின் பொன்விழாவுக்காக மோடி டாக்கா சென்றார். பெருந்தொற்று தொடங்கிய பின் அவரது முதல் வெளிநாட்டுப் பயணம் அது. சிக்கலைப் பேசுவதற்குச் சிறிய நேரடிச் சந்திப்பு, பேசி முடித்ததை அறிவிப்பதற்குக் காணொலி, உறவின் மதிப்பைக் காட்டுவதற்குப் பெரிய பயணம் என்ற இந்த வரிசையில் ஒவ்வொரு வழியும் தனக்கு இயன்ற வேலையை மட்டுமே செய்தது.

இந்த வரிசையை எல்லா இடத்திலும் பின்பற்ற முடியாது. முதற்கட்டத்தில் அனுப்பப்படுகிறவருக்கு அங்கே ஏற்கெனவே அறிமுகம் இருக்க வேண்டும், அவர் சொல்வதைத் தலைமை ஏற்கும் என்று எதிர்த்தரப்பும் நம்ப வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத உறவுகளில் காணொலியில் தொடங்காமல், தொற்றின் வேகம் தணியும்வரை அங்குள்ள தூதரகத்தின் வழியாகவே பேச்சை நடத்திக்கொண்டிருப்பது மேல். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாதபோது அது உதவாது என்பதையும் டாக்காவே காட்டியது: 2021இல் இரண்டாம் அலை எழுந்து இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, வங்கதேசம் இந்தியத் தடுப்பூசித் தயாரிப்பு நிறுவனமான சீரம் நிறுவனத்திடம் விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்திருந்த மூன்று கோடி தவணைகளில் பெரும்பகுதி உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை, அந்த இடைவெளியில் டாக்கா சீனத் தடுப்பூசிகளை வாங்கத் தொடங்கியது.